இடப்பக்கச் சிம்பல்

மார்ச் 3, செவ்வாய்

என் ஹெட்ஃபோன் மேல் அவர் உட்கார்ந்துவிட்டார். எண்பது கிலோ. கணக்கு வாத்தியார் என்பதால் சரியாக நடுவில் உட்கார்ந்து இரண்டு சம பாகமாக்கியிருக்கிறார்.

"நாற்காலியில யாராவது ஹெட்ஃபோனை வைப்பாங்களா?" என்று என்னையே கேட்கிறார். நாற்காலியைப் பார்க்காமல் யாராவது உட்காருவார்களா? இருபது வருஷக் குடித்தனத்தில் மனுஷன் ஒருநாளாவது மன்னிப்புக் கேட்டிருப்பாரா!

போகட்டும். அதற்கும் ஆயுசு முடிந்துவிட்டது. இரண்டு வருஷமாகவே இடது பக்கம் மங்கல். வயர் லூஸ். அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் கேட்பேன். ஆனால் போன நேரம் சரியில்லை. இன்று மதியம்தான் தம்பி போன் செய்தான். பகலில் லிஃப்ட் மெக்கானிக், மிச்ச நேரமெல்லாம் ட்ரம்ஸ். பதினோரு வருஷமாக மெட்டல் இசைக் குழுவில் அடி அடியென்று அடித்து, இப்போதுதான் முதல் ஆல்பம். எட்டுப் பாட்டு. இருபத்தைந்தாம் தேதி சிடி அடிக்கிற ஃபாக்டரிக்குப் போகிறதாம்.

"எட்டையும் அனுப்பிட்டேன்க்கா. நீ கேட்டுட்டுச் சொல்லு. நீ சரின்னாதான் போகும்."

அப்போது அவனுக்குப் பதினாலு, எனக்கு இருபது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு இயர்ஃபோன். இடது எனக்கு, வலது அவனுக்கு. ஆளுக்கொரு காதில் அந்தச் சத்தத்தை வாங்கிக்கொண்டு சோபாவில் தலையாட்டுவோம். அம்மா நாங்கள் இருவரும் வலிப்பு வந்து கிடக்கிறோம் என்று ஒருமுறை அலறியிருக்கிறாள். அதிலிருந்து அவன் எதை வாசித்தாலும் முதலில் கேட்பது நான்தான். வேறு எதையும் விட்டுக்கொடுப்பேன். இதை மாட்டேன்.

மார்ச் 5, வியாழன்

பல்செட் செய்கிற லேபிலிருந்து வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். கையெல்லாம் பல்செட் அரைத்த தூசி. கடைக்காரர் ஒல்லியாக, பதவிசாக இருந்தார்.

"என்ன மாதிரி பாட்டு கேப்பீங்க மேடம்? மெலடியா?"

"மெட்டல்."

நரைத்த தலையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார்.

"பையனுக்கா மேடம்?"

"எனக்கு."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய தோரணையே மாறிவிட்டது. ஏதோ நான் சிறையிலிருந்து நேற்றுத்தான் வந்தவள்போல. எனக்கு வேண்டியதைச் சொன்னேன். ட்ரம்ஸில் இரண்டு காலாலும் மிதிக்கிற டபுள் பெடலின் ஒவ்வொரு மிதியும் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டு கிட்டாரும் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிடக் கூடாது. பாடுகிறவன் கத்துவது தொண்டையிலிருந்தா வயிற்றிலிருந்தா என்று தெரிய வேண்டும். சிம்பல் தட்டு சில்லென்று இருக்க வேண்டும், தகரமாக இருக்கக் கூடாது.

தலையைத் தலையை ஆட்டிவிட்டு ஒரு கறுப்புக் குண்டானை எடுத்துக் கொடுத்தார். "இதுல பேஸ் சும்மா அதிரும் மேடம்." ஏழு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாமாம். வாங்கி வந்தேன்.

மார்ச் 7, சனி

அதிரத்தான் அதிர்கிறது. பல் ஆடுகிறது. தம்பி காலால் நெய்திருக்கும் டபுள் பெடல், மாடிப்படியில் உருளைக்கிழங்கு மூட்டை உருண்டு வருகிற மாதிரி இருக்கிறது. அதோடு இடப்பக்கச் சிம்பல் எங்கே? வலது பக்கம் 'ஷ்ஷிங்' என்று நன்றாக விரிகிறது. இடது பக்கத்தில் யாரோ அதன் மேல் போர்வையைப் போர்த்திவிட்டார்கள்.

திருப்பிக் கொடுத்தாயிற்று. கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

"உனக்குத் தலைவலியே வராதா?" என்று அவர் கேட்டார். கேட்பவர்கள்தான் வரவழைக்கிறார்கள் என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

இரண்டாவது ஹெட்ஃபோன். காதுக்கு வெளியே வலை வைத்த திறந்த வகை. தலையில் வைத்ததே தெரியவில்லை, அவ்வளவு லேசு. கிட்டார் இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. மிதிகளை எண்ணலாம். ஆஹா என்றிருந்தது.

ஆனால் உள்ளே கேட்பது அத்தனையும் வெளியே ஒழுகுகிறது. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "பக்கத்து வீட்ல மிக்ஸியில ஆணியைப் போட்டு அரைக்கிறாங்களா?" என்றார். சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒரு விஷயம் பார்த்தேன். பேப்பருக்குக் கீழே அவர் வலது கால் பாதம் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவருக்கே தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்.

இதிலும் இடப்பக்கச் சிம்பல் செத்துக் கிடக்கிறது! என்ன ராசியோ எனக்கு. ஊரிலுள்ள பழுதெல்லாம் என் தலையில்தான் வந்து உட்காரும்.

மார்ச் 11, புதன்

லேபில் இன்று முழுக்கக் கடைவாய்ப் பற்கள். பதினாறு. பக்கத்து மேசைக்காரி வழக்கம்போலக் காதில் பெரிய மூடியை மாட்டிக்கொண்டு ராஜகுமாரி மாதிரி அரைத்துக்கொண்டிருந்தாள். "நீயும் போடேன், மோட்டார் காதைத் தின்னுடும்" என்றாள். "நான் கேக்கற பாட்டுக்கு இந்த மோட்டார் தாலாட்டுடி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

மார்ச் 14, சனி

இரண்டாவதையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. இது மூன்றாவது. மூடிய வகை. ஒன்றும் ஒழுகாது. ஆனால் பல் அளவெடுக்கிற பிடி மாதிரி மண்டையைக் கவ்வுகிறது. கடி சரியில்லை என்றால் பல்செட்டைக் கொஞ்சம் அரைத்துவிடலாம். மண்டையை என்ன செய்வது?

கடையிலேயே மாட்டிக் கேட்டேன். இடப்பக்கச் சிம்பல் இதிலும் இல்லை. எனக்கு வந்ததே கோபம். "ஏங்க, கடையில இடது பக்கம் வேலை செய்யற ஹெட்ஃபோன் ஒண்ணாவது வெச்சிருக்கீங்களா?" கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்காரர் அதை வாங்கித் தன் தலையில் மாட்டிப் பார்த்தார். பாவம், பாடகன் கத்தியதும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பதமாகச் சொன்னார்:

"எனக்கு ரெண்டு பக்கமும் கேக்குது மேடம். ஆனா நீங்க இப்படிக் கேட்டுப் பழகினவங்க, நான் புதுசு. ஒண்ணு சொல்லட்டுமா? மூணு ஹெட்ஃபோன்லயும் ஒரே இடத்துல குறைன்னா... பாட்டுலயே குறை இருக்கலாம் இல்லையா?"

இது எனக்குத் தோன்றவே இல்லையே! அந்த ஹெட்ஃபோனையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

தம்பிக்குப் போன் போட்டேன். "டேய், உன் இடப்பக்கச் சிம்பலை யாரோ புதைச்சுட்டாங்க. எட்டுப் பாட்டுலயும்."

"நிஜமாவா? எனக்கு நல்லாத்தானே கேக்குது?"

"நீ வாசிச்சவன். உனக்கு மனசுல கேக்கும். மூணு ஹெட்ஃபோன்ல கேட்டுட்டுச் சொல்றேன்."

"சரிக்கா. ஏத்தச் சொல்றேன்" என்றான்.

மார்ச் 17, செவ்வாய்

சிம்பலை ஏற்றி அனுப்பினான். கேட்டேன். தேவலை, போதாது. "இன்னும்" என்றேன்.

ஒலிப்பதிவாளருக்கும் அவனுக்கும் வாய்த்தகராறாம். "இதுக்கு மேல ஏத்தினா கேக்கறவன் காது கிழிஞ்சிடும்" என்றாராம் அந்த ஆள். "எங்கக்கா காது தப்புப் பண்ணாது. ஏத்துங்க" என்று இவன் கத்தியிருக்கிறான். அவர் ஏற்றிக் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும். எழுதுவதற்கென்ன, நிறையவே பெருமையாக இருந்தது.

மார்ச் 19, வியாழன்

கடைசிப் பதிப்பு வந்தது. அப்பாடா! இடது சிம்பலும் வலது சிம்பலும் ஒரே எடை, ஒரே மினுக்கு. நான் செய்து கொடுத்த முன்பல் வரிசை மாதிரி. "இதான்டா. இதையே ஃபாக்டரிக்கு அனுப்பு" என்று சொல்லிவிட்டேன்.

நான் மட்டும் இல்லையென்றால் அந்த ஆல்பம் என்ன கதி ஆகியிருக்கும்?

மார்ச் 21, சனி

எழுத வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

டீ நேரத்தில் பக்கத்து மேசைக்காரியிடம் பீற்றிக்கொண்டேன். தம்பி ஆல்பத்தைச் சரிசெய்து கொடுத்ததே நான்தான், கேட்டுப் பார் என்று ஹெட்ஃபோனை அவள் தலையில் மாட்டினேன். இரண்டு நொடி. "ஐயோ!" என்று பிடுங்கி என் கையில் போட்டாள்.

"என்னடி?"

"இடது காதுல யாரோ தகரத்தைக் கிழிக்கிறாங்க! இதையா நல்லாருக்குங்கற?"

இவளுக்கு என்ன தெரியும் என்று வாங்கி நான் மாட்டிக்கொண்டேன். மாட்டிய வேகத்தில் இடம் வலம் மாறிவிட்டது. வலது காதில் தகரம் கிழிந்தது. தூக்கிவாரிப் போட்டது.

திருப்பி மாட்டினேன். நன்றாக இருந்தது. மறுபடி மாற்றி மாட்டினேன். தகரம். மறுபடி. மறுபடி. ஏழெட்டு தடவை மாற்றினேன். அவள் டீயை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெட்ஃபோனில் ஒன்றுமில்லை. பாட்டிலும் ஒன்றுமில்லை. பழைய ஹெட்ஃபோனின் வயரில்கூட ஒன்றும் இருந்திருக்காது. அதைப் போய் ரெண்டு வருஷமா திட்டினேனே.

என் மேசைக்கு இடது பக்கம் பார்த்தேன். தூசி உறிஞ்சுகிற மோட்டார். பத்தொன்பது வருஷமாக என் இடது காதிலிருந்து ஒரு முழத்தில் அலறிக்கொண்டிருக்கிறது. தாலாட்டாம், தாலாட்டு. என்ன வாய் எனக்கு!

மார்ச் 22, ஞாயிறு

அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தன் பழைய கைக்கடிகாரத்தைக் கழற்றி என் வலது காதருகே பிடித்தார். டிக் டிக். இடது காதருகே பிடித்தார்.

"நின்னுடுச்சா?" என்றேன்.

"இல்ல. ஓடுது."

கடிகாரத்தைத் திரும்பக் கையில் கட்டிக்கொண்டார். பிறகு, "ரெண்டு வருஷமா நான் இந்தப் பக்கமா வந்து கேட்டா நீ பதிலே சொல்றதில்ல. கோவமா இருக்கேன்னு நினைச்சுப் போயிடுவேன்" என்றார்.

"கோவமா இருந்தா நான் சும்மாவா இருப்பேன்? கத்த மாட்டேனா?"

"அதான் எனக்கும் குழப்பமாவே இருந்தது."

சிரித்துவிட்டேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து வந்ததில் மூக்கெல்லாம் ஒழுகியது. அவர் கைக்குட்டையை வலது பக்கமாக வந்து கொடுத்தார்.

தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 23, திங்கள்

காது டாக்டர். ஒரு சின்னக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஹெட்ஃபோன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். என் வாழ்க்கையில் இத்தனை பயத்தோடு ஹெட்ஃபோன் மாட்டியதில்லை. இடது பக்கம் நெடுநேரம் ஒன்றுமே வரவில்லை. வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை என்று பிறகு புரிந்தது.

வரைபடத்தைக் காட்டினார். வலது காதின் கோடு மேலாக ஓடுகிறது. இடது காதின் கோடு கொஞ்ச தூரம் கூடவே வந்து, சட்டென்று பள்ளத்தில் இறங்கிவிட்டது. மெல்லிய, கூரிய ஓசைகள் இருக்கிற இடமாம் அது.

"போனது திரும்பாதும்மா. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். மோட்டார்கிட்ட காதுமூடி இல்லாம உக்காராதீங்க."

"பாட்டு கேக்கலாமா டாக்டர்?"

"தாராளமா. சத்தத்தைக் குறைச்சு வெச்சு."

"மெட்டல்."

பேனாவை மூடிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "ரொம்பக் குறைச்சு வெச்சு."

நாளை மறுநாள் இருபத்தைந்து. சொல்லாவிட்டால் ஆயிரம் சிடியில் என் செவிட்டுக் காது அச்சாகிவிடும். சொன்னால்? இனிமேல் எதற்கு எனக்கு முதலில் அனுப்பப் போகிறான்? காது கேட்காத அக்காவிடம் எவனாவது பாட்டைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்பானா? பாசத்துக்கு அனுப்புவான். "நல்லாருக்காக்கா?" என்பான். நானும் "நல்லாருக்குடா" என்பேன். அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் போன் செய்தேன். எப்படியெல்லாமோ ஒத்திகை பார்த்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"டேய், சிம்பல் நல்லாத்தான் இருந்தது. என் காதுதான் போச்சு."

அவனுக்குப் புரிய இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பின்னால் எங்கோ லிஃப்ட் கதவு மூடித் திறந்து மூடுவது கேட்டது. வலது காதில்தான் போனை வைத்திருந்தேன்.

"அந்த மனுஷனை என்ன பேச்சு பேசினேன் தெரியுமா?" என்றான் கடைசியில். "நாலு பேர் முன்னாடி. நீ சொன்னேன்னுதானேக்கா பேசினேன்."

"தெரியும்."

"வேலையில இருக்கேன்" என்று வைத்துவிட்டான்.

ஒலிப்பதிவாளர் நம்பரைத் தேடி நானே கூப்பிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. முழுக்கச் சொன்னேன். மறுமுனையில் பெரிய மூச்சு ஒன்று வந்தது.

"அக்கா, நீங்க ரெண்டாவது தடவை 'இன்னும்'னு சொன்னதும் நான் என் காதைத்தான் சந்தேகப்பட்டேன். முந்தாநேத்துப் போய் டெஸ்ட் எடுத்துட்டு வந்தேன்."

"ஐயையோ! என்ன சொன்னாங்க?"

"குழந்தை காது மாதிரி இருக்காம். ரிப்போர்ட்டை ஃப்ரேம் போட்டு மாட்டலாம்னு இருக்கேன்."

பழைய பதிப்பை அழிக்காமல் வைத்திருக்கிறாராம். அதுவே நாளைக்குப் போகும் என்றார். சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். லேபுக்குத் தாமதம்.

மார்ச் 26, வியாழன்

தம்பி கூப்பிடவில்லை.

மார்ச் 27, வெள்ளி

இன்றும் இல்லை. நானும் கூப்பிடவில்லை. என்ன சொல்வது?

மார்ச் 28, சனி

கடைக்காரரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். முகத்தில் அசடு வழியத்தான். விஷயத்தைச் சொன்னதும் அவர், "ஐயோ, பாட்டுல குறைன்னு நான்தானே மேடம் கிளப்பிவிட்டேன்" என்று என்னைவிட அதிகம் வருத்தப்பட்டார். யார் தப்பு பெரிசு என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போட்டி போட்டோம்.

ஏழு நாள் கெடு தாண்டியிருந்தாலும் பரவாயில்லை என்று அவர் சொல்ல, மண்டையைக் கவ்வும் மூன்றாவதைக் கொடுத்துவிட்டு அந்த இரண்டாவதையே வாங்கிக்கொண்டேன். வலை வைத்த, ஒழுகுகிற ஒன்று. குறைந்த சத்தத்திலேயே மிதிகளை எண்ண முடிகிறது. கவ்வுவதில்லை. முக்கியமாக, வீட்டில் அவர் வந்து ஏதாவது கேட்டால் பதில் சொல்லலாம். இரண்டு வருஷப் பாக்கி இருக்கிறது.

"மெட்டல் கேக்கறவங்க யாரும் இதை வாங்க மாட்டாங்க மேடம்" என்றார் கடைக்காரர்.

"நான் வாங்கறேன்" என்றேன்.

ஏப்ரல் 1, புதன்

மேசையை இடம் மாற்றித் தந்துவிட்டார்கள். மோட்டார் இப்போது கதவுக்கு அந்தப் பக்கம். என் மேசை மேல் புத்தம்புதிதாக ஒரு காதுமூடி இருந்தது. பக்கத்து மேசைக்காரி வைத்தது. அதன் மேல் ஒட்டிய சீட்டில் 'தாலாட்டு போதும்' என்று எழுதியிருந்தாள். நான் ஒன்றும் பேசாமல் மாட்டிக்கொண்டேன். பேசாமல் இருந்தது எனக்கே புதிதாக இருந்தது.

ஏப்ரல் 5, ஞாயிறு

சிடி தபாலில் வந்தது. உள்ளே கடிதம் கிடையாது. உறையில் அவன் கையெழுத்தில் என் முகவரி மட்டும். பிரித்து அலமாரியில் வைத்தேன். கேட்கவில்லை. எல்லாரும் கேட்ட பிறகு கேட்பதற்கு என்ன அவசரம்?

அவர் தூசி துடைப்பதுபோல அதை இரண்டு முறை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது போனில் சத்தம். தம்பி. புதிதாக ஒரு பாட்டு. ட்ரம்ஸும் கிட்டாரும் மட்டும், பாடகன் இன்னும் வாயே திறக்கவில்லை. கீழே ஒரே வரி: 'இன்னும் யாரும் கேக்கல.'

அதே பாட்டு இரண்டு தடவை வந்திருந்தது. ஒன்றுக்கு 'எல்லாருக்கும்' என்று பெயர் வைத்திருந்தான். இன்னொன்றுக்கு 'அக்காவுக்கு'.

ஈரக் கையைத் துடைக்கக்கூட இல்லை. ஹெட்ஃபோனை மாட்டி 'அக்காவுக்கு' என்றதைப் போட்டேன். சத்தம் குறைவாகத்தான். இடது பக்கத்தில், எனக்கென்றே ஏற்றி வைத்த சிம்பல் 'ஷ்ஷிங்' என்று விரிந்தது. சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். கண் கலங்கிப்போய்ப் பாதிப் பாட்டு எப்படிப் போனதென்றே தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து போட்டு, இந்தத் தடவை ஒழுங்காகக் கேட்டேன். பிறகு அவனைக் கூப்பிட்டேன்.

"கேட்டியாக்கா?" என்றான்.

"கேட்டேன். மூணாவது நிமிஷத்துல எதுக்குடா அப்படி ஓடற? கிட்டார் பின்னாடியே மூச்சு வாங்க ஓடி வருது. பஸ்ஸு ஏதாவது கிளம்பிடுச்சா?"

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். போச்சு, மறுபடி கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"குழுவுல ஒருத்தனும் கண்டுபிடிக்கலக்கா," என்றான் மெதுவாக. "எனக்கும் அங்கதான் உறுத்திட்டே இருந்தது. நீ கண்டுபிடிக்கிறியான்னு பாக்கலாம்னுதான்..."

"எனக்கே பரீட்சை வெக்கிறியா, தடிப்பயலே!"

சிரித்தான். பதினாலு வயசில் சிரித்த அதே சிரிப்பு. நாளைக்குத் திரும்ப வாசித்து அனுப்புகிறேன் என்றான். முதலில் எனக்குத்தானாம்.

போனை வைத்த பிறகு 'எல்லாருக்கும்' என்றதையும் போட்டேன். ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு கேட்டேன். பேப்பருக்குக் கீழே ஒரு கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இடப்பக்கச் சிம்பல் அற்புதமாக இருந்தது. அதை அவனிடம் சொல்லப் போவதில்லை. தலைக்கனம் ஏறிவிடும்.